அழைப்பும் ஆள்சேர்ப்பும்: போர்க்கால இளம்பெண் இதழ்கள் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

இறையியல் ஏடொன்றில் இளம்பெண்களுக்கான கதை இதழ்களையும் படக்கதைகளையும் ஆராய்வது பொருத்தமா என்னும் வினா வாசகர் சிலர் உள்ளத்தில் எழக்கூடும். விளக்கவுரைகளுக்கும் கோட்பாட்டு ஆய்வுகளுக்கும் உரிய பக்கங்களில் விமானம் ஓட்டும் பதினெட்டு வயதுப் பெண்ணின் வீரக்கதைக்கு என்ன இடம் என்று கேட்போர் இருக்கலாம். 1940-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'ஹொரைசன்' என்னும் ஆங்கில இதழில் ஜார்ஜ் ஆர்வெல் சிறுவர் வார இதழ்களைக் குறித்து ஒரு கட்டுரை வரைந்தார். அற்பமெனக் கற்றோர் ஒதுக்கும் கதைகளே மனிதர் பலருடைய உலக நோக்கை உருவாக்குகின்றன என்பதும், இளமையில் வாசிக்கப்படுவதாலேயே அவற்றின் ஆற்றல் பெரிது என்பதும் அவர் வற்புறுத்திய கருத்துக்கள். ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் கூட்டங்களிலும் பணியாற்றும் நமக்கு இது புதிய செய்தியன்று.

நாம் இவ்விதழ்களை நோக்குவதற்கு இன்னும் நெருக்கமான காரணமொன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் வெளிவந்த இளம்பெண் இதழ்களுள் பெயர்பெற்ற ஒன்று, நற்செய்தி இலக்கியம் பரப்புவதற்கென்றே ஏற்பட்ட கிறிஸ்தவச் சங்கமொன்றின் வெளியீடு. ஆகவே இது பொது இலக்கியத்தின் கதை மட்டுமன்று. திருச்சபையின் எழுத்துப் பணியின் கதையுமாகும். போர்க்கால இதழ்கள் இளம்பெண்ணுக்கு விடுத்தது அழைப்பா, அல்லது ஆள்சேர்ப்பா? இந்த ஒரு வினாவை முன்வைத்து அவ்விதழ்களை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஒரு நற்செய்தி வெளியீட்டின் வரலாறு

சமயத் துண்டுப்பிரசுரச் சங்கம் 1799-ஆம் ஆண்டு இலண்டனில் தோன்றியது. பல சபைப் பிரிவுகளைச் சேர்ந்த நற்செய்தி ஆர்வலர் அதனை ஒன்றுகூடி நடத்தினர். மலிவான கிளர்ச்சிக் கதைகள் இளைஞரைக் கெடுக்கின்றன என்னும் அச்சத்தினால் அச்சங்கம் 1879-ஆம் ஆண்டு 'பாய்ஸ் ஓன் பேப்பர்' என்னும் சிறுவர் வார இதழைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1880 ஜனவரியில், 'கேர்ள்ஸ் ஓன் பேப்பர்' என்னும் இதழை இளம்பெண்களுக்கென ஒரு பென்னி விலையில் வெளியிட்டது. முதல் ஆசிரியர் சார்லஸ் பீட்டர்ஸ் 1907 வரையிலும், அவருக்குப்பின் ஃப்ளோரா கிளிக்மன் 1908 முதல் 1931 வரையிலும் அதனை நடத்தினர். கதை, கவிதை, தையல், உடல்நலம், கல்வி, வேலைவாய்ப்பு, வாசகியர் வினாக்களுக்கு விடை எனப் பல பொருள்கள் அதில் இடம்பெற்றன. சமய போதனை வெளிப்படையாக எல்லாப் பக்கங்களிலும் திணிக்கப்படவில்லை. ஆயினும் இதழின் அடித்தளம் கிறிஸ்தவமே.

1935-ஆம் ஆண்டு இச்சங்கமும், இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்குமான கிறிஸ்தவ இலக்கியச் சங்கமும் இணைந்து, ஐக்கிய கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்னும் ஒரே அமைப்பாயின. நம் நாட்டுக் கிறிஸ்தவ நூல் வெளியீட்டுக்குத் துணைநின்ற கரமும் இலண்டனில் இளம்பெண் இதழை நடத்திய கரமும் அன்று ஒன்றாயின என்பதை நாம் மறந்துவிடலாகாது. சங்கத்தின் நூல்களும் இதழ்களும் அந்நாளில் 'லட்டர்வொர்த்' என்னும் பதிப்பகப் பெயரில் வெளிவந்தன.

இச்சங்கம் பெண் குழந்தையைக் கதைத் தலைவியாக்கியது போர்க்காலத்தில்தான் என்று எண்ணிவிடக் கூடாது. 1866-ஆம் ஆண்டு அதன் 'சண்டே அட் ஹோம்' இதழில் வெளிவந்து, பின்னர் நூலாகிப் பல மொழிகளில் பரவிய 'ஜெசிக்காவின் முதல் செபம்' என்னும் கதையைச் சான்றாகக் கொள்ளலாம். ஹெஸ்பா ஸ்ட்ரெட்டன் எழுதிய அக்கதையில், குடிகாரத் தாயால் கைவிடப்பட்ட தெருக்குழந்தை ஒருத்தி, காப்பிக் கடை நடத்தும் ஓர் ஆலயக் காவலரின் பொருளாசையையும் போலிப் பக்தியையும் தன் எளிய வினாக்களால் வெளிச்சத்திற்குக் கொண்டுவருகிறாள். ஜெசிக்காவிடம் உலகை மாற்றும் ஆற்றலோ அதிகாரமோ இல்லை. ஆனால் பெரியோரின் உள்ளத்தைக் குத்தும் கேள்வி இருந்தது. இதனை நினைவில் நிறுத்திக்கொண்டு 1940-ஆம் ஆண்டிற்கு வருவோம்.

2. வொரல்ஸ் என்னும் தலைவி

1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேயைத் தாக்கியபின் பிரிட்டனுக்கு வந்துகொண்டிருந்த மரக்கூழ் தடைப்பட்டது. தாள் பஞ்சம் கடுமையாயிற்று. அவ்வாண்டு மே திங்களில் 'மேக்னட்' என்னும் சிறுவர் இதழும் 'ஸ்கூல்கேர்ள்' என்னும் சிறுமியர் இதழும் நின்றுபோயின. 'கேர்ள்ஸ் கிரிஸ்டல்' போன்ற சிலவே தப்பின. 'கேர்ள்ஸ் ஓன் பேப்பர்' உருவத்தில் சிறுத்தாலும் உயிர் பிழைத்தது. தாள் அருமையான அக்காலத்தில் ஒவ்வொரு பக்கமும் எடை போட்டே நிரப்பப்பட்டிருக்கும். எனவே அப்பக்கங்களில் இடம்பெற்றவற்றை ஆசிரியர் குழுவின் தெரிந்த தெரிவு என்றே நாம் கொள்ளவேண்டும்.

அத்தகைய பக்கங்களில்தான் டபிள்யூ. ஈ. ஜான்ஸ் எழுதிய வொரல்ஸ் கதைகள் 1940-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடராக வெளிவரலாயின. ஜான்ஸ், 'பிகிள்ஸ்' என்னும் விமானியைப் படைத்துச் சிறுவரிடையே புகழ்பெற்றவர். மகளிர் துணை விமானப்படைக்குப் பெண்களைச் சேர்க்கப் பயன்படும் தலைவி ஒருத்தியைப் படைக்குமாறு வான்படை அமைச்சகம் அவரைக் கேட்டுக்கொண்டது என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அவ்வாறு பிறந்தவளே பதினெட்டு வயதான ஜோன் வொரல்சன் என்னும் 'வொரல்ஸ்'. அவளுடைய தோழி பெட்டி லவல். 'ஃப்ரெக்ஸ்' என்பது அவளது செல்லப் பெயர். முதல் நூல் 1941-இலும் கடைசி நூல் 1950-இலுமாகப் பதினொரு நூல்கள் இவ்வரிசையில் வெளிவந்தன.

இக்கதைகளின் சிறப்பை நாம் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ள வேண்டும். வொரல்ஸ் பிறர் மீட்க வரட்டும் என்று காத்திருப்பவள் அல்லள். விமானத்தைக் கையாளும் திறனும், இடருற்ற வேளையில் தெளிந்து முடிவெடுக்கும் அறிவும் உடையவள். பெண் என்பதால் தன்னைக் குறைத்து மதிப்பிடும் ஆடவருக்குத் தக்க விடை கூறுகிறாள். அவள்மீது அன்புகொண்ட விமானி ஒருவன் கதையில் உண்டு. எனினும் திருமணமே பெண்ணின் கதைக்கு முடிவு என்னும் வழக்கமான பாதையை ஆசிரியர் மேற்கொள்ளவில்லை. இரு பெண்களின் தோழமை கதையைத் தாங்கி நிற்கிறது. நோய்ப்படுக்கையில் பொறுமையுடன் மரித்து மற்றவர்களை மனந்திரும்பச் செய்யும் சிறுமியரையே கண்டு பழகிய சமயக் கதை மரபிற்கு இது பெரும் மாற்றம். உன்னால் இயலும், உன்னை நம்பி ஒரு பணியை ஒப்படைக்கிறோம் என்று ஓர் இதழ் இளம்பெண்ணை நோக்கிக் கூறியது. திருச்சபைகளின் மேடைகளிலிருந்து அவள் அன்று அரிதாகவே கேட்ட சொல் அது. மேரி கேடகன், பட்ரீசியா கிரெய்க் ஆகிய இருவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு நூலுக்குப்பின், சிறுமியர் புனைகதையைப் பற்றிய கல்விசார்ந்த ஆராய்ச்சி வளர்ந்துள்ளது. அவ்வாராய்ச்சியில் வொரல்ஸ் பெறும் கவனம் தகுதியானதே.

3. கதையும் உண்மையும்

ஆயினும் திறனாய்வாளன் கதையை அக்காலத்தின் உண்மை நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். மகளிர் துணை விமானப்படை 1939 ஜூனில் அமைக்கப்பட்டது. 1943-இல் அதன் உறுப்பினர் தொகை 1,80,000-ஐத் தாண்டியது. ஆனால் அப்படையைச் சேர்ந்த பெண்கள் விமானிகளாகப் பணியாற்றவில்லை. ரேடார் நிலையங்களில் பகை விமானங்களின் போக்கைக் குறித்தல், தொலைபேசி இணைப்பு, பாராசூட்டு மடித்தல், தடுப்புப் பலூன்களைப் பராமரித்தல், சமையல், வண்டி ஓட்டுதல் ஆகியவையே அவர்களுடைய பணிகள். இவை யாவும் இன்றியமையாதவை. சில உயிருக்கு ஆபத்தானவை. எனினும் வொரல்ஸைக் கண்டு அப்படையில் சேர விரும்பிய பெண்ணுக்கு வானம் கிட்டியிராது.

பெண்கள் உண்மையில் விமானம் ஓட்டியது வான் போக்குவரத்துத் துணைப்படையில். அதன் மகளிர் பிரிவு 1940 ஜனவரியில் பாலின் கோவர் தலைமையில் எட்டு விமானிகளோடு தொடங்கியது. தொழிற்சாலைகளிலிருந்து விமானங்களைப் படைத்தளங்களுக்குக் கொண்டு சேர்ப்பதே அவர்கள் கடமை. புகழ்பெற்ற விமானியான ஏமி ஜான்சன் இப்பணியின்போதே 1941 ஜனவரி 5-ஆம் நாள் தேம்சு ஆற்றின் முகத்துவாரத்தில் உயிரிழந்தார். தொடக்கத்தில் ஆடவரைவிடக் குறைந்த ஊதியம் பெற்ற இப்பெண்களுக்கு 1943-இல் சம ஊதியம் வழங்கப்பட்டது. ஆனால் அவர்கள் போரிட அனுமதிக்கப்படவில்லை. தரைப்படையின் மகளிர் பிரிவிலும் இதே நிலை. விமான எதிர்ப்புப் பீரங்கி அணிகளில் தொலைவு கணிப்பதும் குறி வகுப்பதும் பெண்கள். பீரங்கியைச் சுடுவது மட்டும் ஆடவர்.

வொரல்ஸோ தன் முதல் கதையிலேயே பகை விமானமொன்றைச் சுட்டு வீழ்த்துகிறாள். கதை உண்மையை மிஞ்சுவது இயல்புதானே, இதில் குற்றம் என்ன என்று வினவலாம். குற்றம் மிகைப்படுத்தலில் இல்லை. சுடும் செயலில் அடங்கியுள்ள அறவினாவைக் கதை எவ்வாறு கையாளுகிறது என்பதே கவனத்திற்குரியது. வொரல்ஸால் சுட இயலுமா என்னும் வினாவே கதையை நடத்துகிறது. சுடலாமா என்னும் வினா கதையின் போக்கை மாற்றுவதில்லை. ஓர் உயிர் போயிற்று என்பதன் சுமை அடுத்த சாகசத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை.

இங்கு ஒரு சட்டத்தை நினைவுகூர்தல் பயன் தரும். 1941 டிசம்பரில் பிரிட்டானியப் பாராளுமன்றம் இருபது முதல் முப்பது வயது வரையுள்ள மணமாகாத பெண்களைக் கட்டாயத் தேசியப் பணிக்கு உட்படுத்தியது. அச்சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. எந்தப் பெண்ணும் எழுத்து மூலம் தன் சம்மதத்தைத் தெரிவித்தாலன்றி, உயிர்க்கொல்லி ஆயுதத்தைப் பயன்படுத்துமாறு அவளைக் கட்டாயப்படுத்தலாகாது என்பதே அது. மனச்சாட்சியின் பேரில் பணிக்கு மறுக்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. அதற்காகச் சிறை சென்ற பெண்களும் உண்டு. போரில் மூழ்கிக் கிடந்த ஓர் அரசின் சட்டம் பெண்ணின் மனச்சாட்சிக்கு ஒரு வரி இடமளித்தது. கிறிஸ்தவச் சங்கமொன்றின் இதழில் வந்த வீரக்கதை அவ்வளவு இடமும் அளிக்கவில்லை. இதுவே நம்மை வருத்தும் உண்மை.

இதனைக் கூறும்போது நாம் நேர்மை தவறலாகாது. நாசி ஆட்சியின் கொடுமை கற்பனையன்று. அதனை எதிர்த்து ஆயுதமெடுத்தல் தகும் என்று ஆழ்ந்து சிந்தித்து முடிவுசெய்த கிறிஸ்தவர்கள் பலர். குண்டுமாரி பொழிந்த நகரங்களில் வாழ்ந்த இதழாசிரியர்களைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து குறைகூறுதல் எளிது. ஆயினும் அதே காலத்தில், அதே நாட்டில், போரின் தேவையை ஏற்றுக்கொண்டும் போர்முறையைக் கேள்வி கேட்டோர் இருந்தனர். சிச்செஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல் 1944 பிப்ரவரி 9-ஆம் நாள் பிரபுக்கள் சபையில் எழுந்து, ஜெர்மானிய நகரங்கள்மீது வரையறையின்றிக் குண்டு பொழிவதைக் கண்டித்துப் பேசினார். தேசப்பற்றும் மனச்சாட்சியும் ஒரே நெஞ்சில் வாழ இயலும் என்பதற்கு அவர் சான்று. அக்காலத்தில் வேறுவிதமாகச் சிந்திக்கவே இயலாது என்னும் வாதம் ஆகவே நிலைபெறாது.

4. எதிரியின் முகம்

போர்க்கால எழுத்தை அளக்க ஒரு நல்ல அளவுகோல், எதிரிக்கு அதில் முகம் உண்டா என்று பார்ப்பதாகும். அக்காலச் சிறுமியர் கதைகளிலும் படக்கதைகளிலும் எதிரி பெரும்பாலும் ஒற்றனாகவோ, முரட்டு அதிகாரியாகவோ, பிடிபட்டு ஏளனத்திற்குள்ளாகும் கோமாளியாகவோ வருகிறான். அவனுக்குத் தாயோ தங்கையோ இருப்பதாகக் கதை காட்டுவது அரிது.

இதற்கு விலக்கான படைப்பும் உண்டு. எலினர் பிரென்ட்-டையர் 1940-இல் வெளியிட்ட 'நாடு கடந்த ஷாலே பள்ளி' என்னும் பொருள்படும் நாவல், நாசிகள் கைப்பற்றிய ஆஸ்திரியாவில் தொடங்குகிறது. பல நாட்டு மாணவியர் பயிலும் அப்பள்ளியில், தங்கள் நாடுகள் ஒன்றோடொன்று போரிட்டாலும் தாம் சமாதானத்திற்காக உழைப்போம் என்று மாணவியர் உடன்படிக்கை செய்துகொள்கின்றனர். கும்பலால் தாக்கப்படும் யூத முதியவர் ஒருவரைக் காக்க அவர்கள் துணிகின்றனர். அதன் விளைவாகவே தப்பி ஓட நேரிடுகிறது. நாசி ஆட்சி வேறு, ஜெர்மானிய மக்கள் வேறு என்னும் வேறுபாட்டை அந்நூல் இளம் வாசகிக்குக் கற்பிக்கிறது. அப்பெண்களின் துணிவு வொரல்ஸின் துணிவுக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆனால் அது துன்புறுவோனின் பக்கத்தில் நிற்கும் துணிவு. சாகசமும் அறவுணர்வும் ஒரே கதையில் இசைந்து வாழ முடியும் என்பதை இந்நூல் மெய்ப்பிக்கிறது.

போரின் மறுபக்கத்தையும் நோக்குவோம். ஜப்பானிலும் இளம்பெண் இதழ்கள் செழித்திருந்தன. 1908-இல் தோன்றிய 'ஷோஜோ நோ தோமோ', 1923-இல் தோன்றிய 'ஷோஜோ குராபு' ஆகியவை அவற்றுள் தலையாயவை. முன்னதன் அட்டைகளை அழகுசெய்தவர் நகஹாரா ஜுனிச்சி என்னும் ஓவியர். அகன்ற கண்களும் மெலிந்த உடலும் கனவு தேங்கிய பார்வையும் கொண்ட அவருடைய பெண்கள் வாசகியரைக் கவர்ந்தனர். போர்க்காலத்திற்கு ஏற்ற உறுதியான பெண்கள் இவர்கள் அல்லர் என்று இராணுவ அதிகாரிகள் கருதியதால், 1940-இல் அவர் அவ்விதழை விட்டு விலக நேர்ந்தது. கனவு காணும் பெண்ணின் இடத்தில் உழைக்கும் பெண் வந்தாள். போர்வீரருக்கு ஆறுதல் பைகள் தைப்பதும் மடல் எழுதுவதும் இதழ்களின் பொருளாயின. பிரிட்டனின் இதழ் பெண்ணுக்குச் சிறகு கொடுத்தது. ஜப்பானின் இதழ் அவள் கனவைப் பறித்தது. வெளித்தோற்றத்தில் இவை எதிரெதிரானவை. ஆனால் அரசுக்குத் தேவைப்பட்ட வடிவில் பெண்ணை வார்ப்பதே இரண்டின் பணியுமாயிற்று.

அவ்வார்ப்பு எங்குக் கொண்டு சென்றது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகிறது. போரின் கடைசிக் கட்டத்தில் ஜப்பானியப் பள்ளி மாணவியர் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பலர் மல்பெரி மரப்பட்டைத் தாளை மாப்பசையால் ஒட்டிப் பெரிய பலூன்கள் செய்தனர். வெடிகுண்டைச் சுமந்து பசிபிக் கடலைக் கடந்து அமெரிக்காவுக்குச் செல்வதற்காக அமைந்தவை அவை. 1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை 9,000-க்கும் மேற்பட்ட பலூன்கள் விடப்பட்டன. 1945 மே 5-ஆம் நாள் ஓரகன் மாநிலத்துப் பிளை என்னும் சிற்றூரை அடுத்த காட்டில், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை உலாவுக்கு அழைத்துச் சென்ற ஒரு போதகரின் கண்முன், அத்தகைய குண்டொன்று வெடித்தது. கருவுற்றிருந்த அவர் மனைவியும் 11 முதல் 14 வயது வரையுள்ள ஐந்து பிள்ளைகளும் மாண்டனர். பசை தடவிய பெண்களுக்கும் மாண்ட பிள்ளைகளுக்கும் வயதில் பெரிய வேறுபாடில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1980-களில், அப்பணியில் ஈடுபட்டிருந்த ஜப்பானியப் பெண்கள் சிலர் தாள் கொக்குகள் ஆயிரம் மடித்து, வருத்தம் தெரிவித்து, மாண்டோரின் குடும்பங்களுக்கு அனுப்பினர். இளமையில் எந்த இதழும் அவர்களுக்குக் காட்டாத முகத்தை அவர்கள் முதுமையை நெருங்கும் காலத்தில் கண்டுகொண்டனர்.

5. போர் முடிந்தபின்

அழைப்பையும் ஆள்சேர்ப்பையும் வேறுபடுத்திக் காட்டும் மற்றோர் உரைகல், தேவை தீர்ந்தபின் நிகழ்வதாகும். வான் போக்குவரத்துத் துணைப்படை 1945 நவம்பரில் கலைக்கப்பட்டது. பிரிட்டானிய வான்படையில் போர்விமானம் ஓட்டும் பணி பெண்களுக்குத் திறக்கப்பட்டது 1990-களில்தான். உன்னால் இயலும் என்று கூறி எழுப்பிய குரலே, இனி வீடு செல்லலாம் என்று கூறிற்று.

இதழ்களின் பக்கங்களிலும் இம்மாற்றம் தெரிகிறது. 'கேர்ள்ஸ் ஓன் பேப்பர்' 1947-இல் 'எயரெஸ்' என்னும் சொல்லையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. பின்னர் அப்பெயரே நிலைத்தது. சொத்துக்கு உரியவள், சுதந்தரவாளி என்பது அச்சொல்லின் பொருள். பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் விசுவாசிகளுக்கு வழங்கும் மாபெரும் தகுதிப் பெயர் இது. ஆனால் ஒரு காலத்தில் நற்செய்தி ஏடாய் இருந்த இதழின் முகப்பில் அது நாகரிக நங்கையைக் குறிக்கும் பெயராகவே ஒலித்தது. அவ்விதழும் 1956-இல் நின்றுபோயிற்று.

1951 நவம்பரில் 'கேர்ள்' என்னும் வண்ணப் படக்கதை வார இதழ் தொடங்கப்பட்டது. அதனையும், அதற்கு முன்பு 1950-இல் 'ஈகிள்' என்னும் சிறுவர் படக்கதை இதழையும் தோற்றுவித்தவர் மார்க்கஸ் மாரிஸ் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர். தரங்குறைந்த படக்கதைகளுக்கு மாற்றாக நல்லனவற்றை அளிக்கவேண்டும் என்னும் ஆர்வமே அவரைத் தூண்டியது. 'கேர்ள்' இதழின் முதல் முகப்புக் கதை கிட்டி ஹாக் என்பவளும் அவளுடைய பெண் விமானிக் குழுவும். வொரல்ஸின் வழித்தோன்றல்களாகிய இப்பெண்கள் நெடுநாள் முகப்பில் நிலைக்கவில்லை. வாசகியரின் வரவேற்பு போதாது எனக் கருதப்பட்டு, பள்ளி மாணவியர் இருவரின் கதைக்கு அவ்விடம் அளிக்கப்பட்டது. வாசகியர் மாறினரா, அன்றி அவர்கள் வாழ்ந்த சமுதாயம் விமானம் ஓட்டும் பெண்ணை நம்பத்தக்க கனவாக ஏற்க மறுத்ததா என்பது சிந்தனைக்குரியது. போர் திறந்த கதவைப் போரே பிடித்துக்கொண்டிருந்தது. அது கையை எடுத்ததும் கதவு சாத்திக்கொண்டது.

6. திருமறையின் ஒளியில்

இவ்விதழ்களை மதிப்பிடத் திருமறை நமக்கு மூன்று அளவுகோல்களை அளிக்கிறது எனலாம்.

முதலாவது, இறையழைப்பு கேள்விக்கு இடம் தருகிறது. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் மரியாள் தேவதூதனிடம் வினவிய பின்னரே தன்னை ஒப்புக்கொடுக்கிறாள். எஸ்தர், மொர்தெகாயின் சொல்லைக் கேட்டவுடன் அரண்மனைக்குள் பாயவில்லை. மூன்று நாள் உபவாசம் அழைப்புக்கும் செயலுக்கும் இடையே நிற்கிறது. யாத்திராகமத்தின் தொடக்கத்தில் வரும் சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சிகளோ அரச ஆணையையே மறுத்தவர்கள். விடுதலை வரலாற்றின் முதல் வீரச்செயல் ஒரு மறுப்பாக அமைந்தது என்பது நம் சிந்தனைக்குரியது. ஆள்சேர்ப்பு விரைவான விடையை வேண்டும். அழைப்பு ஆராய்ந்த விடையை வேண்டும்.

இரண்டாவது, இறையழைப்பு எதிரியின் முகத்தை அழிப்பதில்லை. நியாயாதிபதிகள் ஐந்தாம் அதிகாரத்துத் தெபொராளின் பாடல் வெற்றிப் பாடல். யாகேலின் செயலை அது போற்றுகிறது. ஆயினும் அப்பாடலின் இறுதியில், திரும்பி வராத மகனுக்காகச் சாளரத்தருகே காத்திருக்கும் சிசெராவின் தாயை நாம் காண்கிறோம். அது ஏளனமாகப் பாடப்பட்டது என்று விளக்கவுரையாளர் பலர் கூறுவர். இருக்கலாம். ஆனால் ஏளனத்திற்காகவேனும் அத்தாய் பாடலுக்குள் அழைத்துவரப்பட்டாள்; வந்தவளை வாசிப்போர் மறக்க முடிவதில்லை. பண்டைய இஸ்ரவேலின் போர்ப்பாடல் காட்டிய அந்தச் சாளரத்தை, பகைவரை நேசிக்கும்படி கட்டளையிட்டவரின் பெயரால் நடந்த இதழ் திறந்து வைத்திருக்க வேண்டாமா?

மூன்றாவது, இறையழைப்பு தேவை தீர்ந்ததும் மீட்டுக்கொள்ளப்படுவதில்லை. தேவன் அளித்த வரங்களும் அழைப்பும் மாறாதவை என்று ரோமர் நிருபம் கற்பிக்கிறது. பயன் உள்ளவரை மட்டும் ஒருத்தியின் ஆற்றலை மெச்சுதல் அவளை மனிதப் பிறவியாக அன்றி, கருவியாக எண்ணுவதாகும்.

முடிவுரை

சமயத் துண்டுப்பிரசுரச் சங்கம் உலகிற்கு அளித்த இரு பெண்களை மீண்டும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம். ஜெசிக்காவிடம் கேள்வி இருந்தது, ஆற்றல் இல்லை. வொரல்ஸிடம் ஆற்றல் இருந்தது. ஆடவரின் செருக்கை அவள் கேட்ட கேள்வியும் இருந்தது. ஆனால் தன் கையிலிருந்த துப்பாக்கியைக் குறித்த கேள்வி இல்லை. எழுபத்தைந்து ஆண்டுகளில் அச்சங்கம் பெண்ணுக்கு வலிமையைக் கொடுத்தபோது, முன்பு அவளிடமிருந்த மனச்சாட்சியின் குரலை வழியில் எங்கோ தவறவிட்டது. இரண்டையும் ஒருத்தியிடம் இணைத்திருக்கலாம். இணைக்க முடியும் என்பதை ஷாலே பள்ளி மாணவியர் காட்டினர்.

இதிலிருந்து போதகர்களாகிய நாமும் இறையியல் மாணவர்களும் பெறும் பாடம், வீரக்கதைகளை வாலிபப் பெண்களுக்குக் கொடாதிருப்போம் என்பதன்று. அவ்வாறு முடிவுசெய்தால் அவர்களை மீண்டும் நோய்ப்படுக்கைக் கதைகளுக்கே அனுப்பியவர்களாவோம். ஞாயிறு பள்ளிப் பாடத்திலோ வாலிபர் இதழிலோ நாடக மேடையிலோ ஒரு பெண்ணை நோக்கி 'எழுந்து வா' என்று நாம் கூறும்போது, நம்மையே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ளல் வேண்டும். ஏன் என்று கேட்க அவளுக்கு உரிமை தந்தோமா? எவருக்கு எதிராக அவளை எழுப்புகிறோமோ, அவர்களுடைய முகத்தை அவளுக்குக் காட்டினோமா? நம் தேவை தீர்ந்த நாளிலும் அவளுடைய வரத்திற்குத் திருச்சபையில் இடம் வைத்திருப்போமா? ஆலயம் கட்ட நிதி திரட்டவும், விழாவுக்குப் பாடகர் குழு அமைக்கவும், தேர்தல் வேளையில் வாக்குச் சேர்க்கவும் பெண்களைத் தேடிச் சென்று, முடிவெடுக்கும் மன்றங்களில் அவர்களை மறந்துவிடும் சபைகள் மூன்றாம் வினாவிலேயே தடுமாறும்.

போர்க்கால இதழ்களின் தாள்கள் இன்று மஞ்சள் படிந்து, பழம்பொருள் சேகரிப்போரின் கைகளில் உள்ளன. அவற்றின் முகப்பில் சீருடையணிந்து வானத்தை நோக்கி நிற்கும் பெண்களின் உற்சாகம் பொய்யன்று. அதனைத் தூண்டியோர் கேட்கத் தவறிய வினாக்களை இனி எழுதும் நாம் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.